அந்த லிங்கை முதலில் திறந்தது யார்?

“லிங்க தொறந்து பாத்து நல்லதா கெட்டதான்னு சொல்றதுக்கு ஒரு படிப்பு, அத்துக்கு ஒரு ஆபீசு. இன்னா மகேசு, காதுல பூ சுத்துறியா? அத்த நானே தொறந்து பாத்துக்க மாட்டனா?”

சேவியர் அண்ணன் இதைக் கேட்டது ராயபுரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில். அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். நான் வேலையில் சேர்ந்த புதிது. டீ வாங்கப் போனாலும் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும். அன்றைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் கேட்டார். டீக்கடையே சிரித்தது.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் ஒரு பதில் இருந்தது: நீங்கள் திறந்தால் ஆபத்து, நாங்கள் திறந்தால் ஆபத்தில்லை. அது தவறான பதில் என்று பிறகு ஒரு நாள் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

அனுபவம் பேசும் வயது எனக்கு இல்லை. உங்களைவிடச் சில வருடங்களே மூத்தவள். ஆனால் நான் உட்கார்ந்த நாற்காலியில் இனி நீங்கள் உட்காரப் போகிறீர்கள். கையேடு தனியாக இருக்கிறது. எதை எப்படி இயக்குவது என்று அதில் எல்லாம் இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்பது மட்டும் இல்லை. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரைவர்களின் ஃபோனுக்கு வருகிற குறுஞ்செய்திகளில் பெரும்பாலும் ஒரு லிங்க் இருக்கும். முழு முகவரி நீளம் என்பதால் அதை ஐந்தாறு எழுத்தாகச் சுருக்கி அனுப்புவார்கள். சுருக்கிய லிங்க் என்பது கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார் மாதிரி. உள்ளே இருப்பது துறைமுகத்து ஆளா திருடனா என்று வெளியிலிருந்து தெரியாது. அந்தச் சுருக்கத்தை விரித்து உண்மையான முகவரியைச் சொல்வதற்கென்றே யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பு, நாம் லைப்ரரி என்று சொல்வது, நம்மிடம் இருக்கிறது. டிரைவர் நம் எண்ணுக்கு அனுப்பும் லிங்கை அதன் கையில் கொடுத்தால் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போய், கடைசியில் எங்கே போய் நின்றதோ அந்த முகவரியைக் கொண்டுவந்து தரும். அது துறைமுகத்தின் முகவரி என்றால் டிரைவருக்கு ‘நல்லது, திறக்கலாம்’ என்று பதில் போகும். இல்லையென்றால் ‘மோசடி, தொடாதீர்கள்’.

இது ஏன் தேவைப்பட்டது என்றால், மணலி கன்டெய்னர் யார்டிலிருந்து சரக்கு ஏற்றிவந்த ஒருவர், ‘உங்கள் நுழைவு ரத்து, மீண்டும் பதிய இங்கே அழுத்தவும்’ என்று வந்ததை நம்பி அழுத்தினார். ஃபோன் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் பெயரில் முதலாளிக்கும் மச்சானுக்கும் என்னென்னவோ செய்திகள் போய்க்கொண்டிருந்தன. அந்த மச்சான் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை என்று கேள்வி.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். அப்பா யார்டில் வாட்ச்மேன். அம்மா வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். ‘முதல் பட்டதாரி’ என்று தாசில்தார் ஆபீசில் வாங்கிய சான்றிதழ் இன்னும் பீரோவில் அவளுடைய கல்யாணப் புடவைக்குள் இருக்கிறது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து வீட்டுக்கு வருகிற எந்தச் செய்தியும் முதலில் என் கைக்குத்தான் வரும். சுடுகிற பாத்திரத்தை நீட்டுவதுபோல் அம்மா ஃபோனை நீட்டுவாள். “இத்த தொடலாமாடி?”

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. படித்த பிள்ளையிடம் காட்டிவிட்டுத்தான் தொடுவார்கள். நம் சேவை மொத்தமும் அந்த வழக்கத்தின்மேல் நிற்கிறது. அதைப் புரிந்துகொண்டு டிரைவர்களிடம் கொண்டுபோனவள் நான். எண்ணூர் சாலையில் வரிசையாக நிற்கிற டிரெய்லர்களில் ஒவ்வொன்றாக ஏறி, முன்கண்ணாடி ஓரத்தில் நானே ஸ்டிக்கர் ஒட்டினேன். ‘லிங்க் வந்தால் முதலில் எங்களுக்கு, பிறகு உங்களுக்கு.’ அந்த வாசகமும் நான் எழுதியதுதான். இப்போதும் அதில் எனக்குப் பெருமை உண்டு. கூடவே ஒரு நடுக்கமும் உண்டு.

சேவியர் அண்ணன் கடைசியாகத்தான் ஒத்துக்கொண்டார். ஸ்டிக்கரைத் தானே வாங்கி, மாதா படத்துக்குக் கீழே ஒட்டினார்.

“ஒட்டிட்டேன். ஆனா ஒன்னு தெரிஞ்சிக்கோ. உன்ன நம்பித்தான் ஒட்டுனேன். உன் கம்பூட்டர நம்பி இல்ல.”

அன்றைய நாள் இப்படித் தொடங்கியது. ஆபீசில் நான் மட்டும் இருந்தேன். நம் டீம் லீட் கார்த்திக், ஊரின் அந்தப் பக்கத்தில், ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தில் இருந்தார். காலையிலிருந்து துறைமுகத்தின் பெயரில் ஒரு போலிச் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அசலைப் போலவே இருக்கும். நம் கணினி அதையெல்லாம் பிடித்து ‘மோசடி’ என்று பதில் போட்டுக்கொண்டிருந்தது. நல்ல நாள் என்றுதான் நினைத்தேன். திரையில் ஒவ்வொரு வரியும் பச்சையாக ஓடியது.

பிறகு ஃபோன் அடிக்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு டிரைவர். துறைமுகத்து லிங்கைத் திறந்தால் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வருகிறதாம். அடுத்து இன்னொருவர். அதே வார்த்தை. மூன்றாவதாகப் பேசியவர் வார்த்தை எதுவும் சொல்லவில்லை, திட்டினார். நான் கார்த்திக்கை அழைத்தேன்.

“நம்ம சைடுல ஏதாவது சிவப்பா காட்டுதா?” என்றார் தாழ்ந்த குரலில். கூட்டத்தில் இருந்தார்.

“இல்ல. எல்லாம் பச்சை.”

“அப்போ அது துறைமுக டெர்மினல் பிரச்சினை. அவங்க இந்த வாரம் புதுசா ஏதோ ஆரம்பிச்சிருக்காங்க. அவங்களையே கேக்கச் சொல்லுங்க.”

பச்சையை நம்பி நான் நாற்காலியில் சாய்ந்தேன். ஆனால் மூன்று பேரும் நான் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிக்காரர்கள். குரலை வைத்தே எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் சேவியர் அண்ணன் அழைத்தார். வழக்கமாக எடுத்த எடுப்பில் கிண்டலாகத்தான் ஆரம்பிப்பார். அன்று மரியாதையாக ஆரம்பித்தார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று.

“மகேசு, உன்னாண்ட ஒன்னு கேக்கணும். கோச்சிக்காத.”

“சொல்லுங்கண்ணா.”

“எனுக்கு லிங்கு வந்துச்சு. நீ சொன்ன மாறியே தொடல. உங்க நம்பருக்கு அனுப்சேன். நல்லது, தொறக்கலாம்னு வந்துச்சு. அப்போ நான் எர்ணாவூராண்ட டிராபிக்ல நின்னுகினு கீறேன். சரி, ஹார்பர் பார்க்கிங் போய் சேந்துட்டுத் தொறக்கலாம்னு வுட்டுட்டேன். இப்போ வந்து தொறந்தா ஏற்கெனவே தொறந்தாச்சுன்னு கீது. என் ஃபோன எவனும் தொடல. அப்போ தொறந்தது யாரு?”

அவர் எண்ணைத் திரையில் தேடினேன்.

“இன்னொன்னு கேளு. எனுக்குப் பின்னாடி நின்னுகினு இருந்தான் மாரி. அவன் உங்க நம்பருக்கு ஒன்னியும் அனுப்ப மாட்டான். உன்ன பாத்தாலே நக்கல் வுடுவான். அவன் ஜாலியா உள்ள பூட்டான். உன் பேச்சக் கேட்டவன் அல்லாம் இங்க லைன்ல நின்னுகினு கீறோம்.”

“அண்ணா, அந்த லிங்கைத் திறந்தா என்ன ஆகும்னு சொன்னாங்களா?”

“தொறந்தா நான் பார்க்கிங்குக்கு வந்துட்டேன்னு கணக்காம். ஒரு நம்பர் வரும். அத்தக் காட்டிட்டு கொஞ்ச நேரத்துல உள்ள பூடணும். போகலன்னா என் டர்ன் காலி. ஒரு லிங்கு ஒருவாட்டிதான்.”

எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வரும் என்று லைப்ரரியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? போய்ப் பார்ப்பது என்றால் திறப்பது. சேவியர் அண்ணன் எர்ணாவூர் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோதே, ராயபுரத்தில் என் மேசைக்கு அடியில் இருந்த கணினி அவருடைய லிங்கைத் திறந்து, அவர் வந்துவிட்டார் என்று துறைமுகத்திடம் சொல்லிவிட்டது. வராத மனிதருக்காகக் கேட் காத்திருந்தது, பிறகு அவர் முறையைத் தூக்கி அடுத்தவருக்குக் கொடுத்தது. நாம் அவருக்கு ‘நல்லது’ என்று பதில் அனுப்பினோம்.

நமக்கு அனுப்பாத மாரி உள்ளே போய்விட்டார். நம்மை நம்பியவர்கள் வெளியே நின்றார்கள்.

“உள்ள என்ன சரக்குண்ணா?”

“எறா. குளிர் கன்டெய்னர். ஜெனரேட்டர் டீசல்ல ஓடிகினு கீது. சாய்ந்தரம் கப்பலுக்கு கேட்ட மூடிடுவாங்க. வுட்டுட்டேன்னு வையி, மொதலாளி வேற ஆளக் கூப்ட்டு சாவியக் குட்த்துருவான். போன மாசமே ஒருத்தன அப்டித்தான் எறக்கி வுட்டான்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் எதிரில் திரையில் புதிய வரி ஒன்று பச்சையாக ஓடியது. யாரோ ஒரு டிரைவர், எங்கோ திருவொற்றியூரில் நின்றுகொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக லிங்கை நமக்கு அனுப்பியிருக்கிறார். கணினி திறந்தது. அவர் முறையும் போயிற்று. அடுத்த வரி ஓடியது.

கார்த்திக்கை மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுத்தார். மூச்சுவிடாமல் சொன்னேன்.

“இருங்க, இருங்க. நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அது ஓடிட்டிருக்கிற சிஸ்டம், மகேஸ்வரி. நான் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க. காலையிலருந்து அந்தப் போலி மெசேஜ் வேற சுத்துது. நிறுத்திட்டா அதுல எத்தனை பேர் மாட்டுவாங்க? யோசிச்சுப் பாருங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இதை நீங்கள் மறக்கக்கூடாது. நெருக்கடியில் எதிர்த்தரப்பு எப்போதும் முட்டாளாக இருப்பதில்லை. நிறுத்தினால் திருடனிடம் சிலர் சிக்குவார்கள், நிறுத்தாவிட்டால் நம்மிடம் சிலர் சிக்குவார்கள். இரண்டில் எது?

நான் யோசித்துப் பார்த்தேன். போலிச் செய்தி வருகிற எல்லோரும் அதைத் தொட்டுவிடப் போவதில்லை. தொடலாம், தொடாமல் இருக்கலாம். அவர்களை வேறு வழியிலும் எச்சரிக்கலாம். ஆனால் நமக்கு லிங்க் அனுப்புகிறவரின் முறை நிச்சயமாகப் போகிறது. அதுவும் நம் கையால், ‘நல்லது’ என்ற நம் முத்திரையோடு. வரக்கூடிய திருடனுக்குப் பயந்து, நம் கை செய்துகொண்டிருப்பதை நிறுத்தாமல் இருக்க முடியாது.

இதை இப்போது நான்கு வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு இது என் தலையில் இவ்வளவு ஒழுங்காக ஓடவில்லை. நான் அம்மாவை நினைத்தேன். கடைத்தெருவில் எவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ‘எம் பொண்ணு கம்பூட்டர் எஞ்சினியரு’ என்று சொல்கிறவள். ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அவளிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். அதற்குள் திரையில் இன்னும் சில பச்சை வரிகள் ஓடின. நான் யோசித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு கணமும் ஒருவருடைய முறை.

கணினியை நிறுத்தும் அனுமதி எனக்கு இல்லை. கடவுச்சொல் கார்த்திக்கிடம் மட்டும். மேசைக்கு அடியில் குனிந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன்.

வயரின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து கையோடு வந்தது. அவ்வளவு வேகமாக இழுத்திருக்கிறேன்.

உடனே ஃபோன்.

“மகேஸ்வரி, சர்வர் டவுன்னு அலர்ட் வருது!”

“டவுன் இல்ல கார்த்திக். வயரை நான் பிடுங்கிட்டேன்.”

மறுமுனையில் யாரோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு மூடும் சத்தம். கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்.

“சரி. பிடுங்கியாச்சு. டிரைவர்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“நாமதான் திறந்துட்டோம்னு.”

“வேண்டாம். தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்க. நாம திறந்தோம்னு எழுத்துல குடுத்துட்டா, நாளைக்கு நமக்கு ஒருத்தரும் வேலை குடுக்க மாட்டாங்க. நான் பயமுறுத்தல, நடக்கப் போறதைச் சொல்றேன்.”

“டெர்மினல்ல ஒரு தடவை பேசிட்டு சொல்றேன்,” என்று வைத்தேன்.

துறைமுகத்தின் வண்டி நுழைவுப் பிரிவில் இருந்த பெண்மணியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மேடம் என்றே கூப்பிட்டேன். எனக்கு முன்பே பத்துப் பேரிடம் பேசிக் களைத்த குரல்.

“உங்க டிரைவருங்க எல்லாரும் இதையேதான்மா சொல்றாங்க, நான் திறக்கவே இல்லன்னு. வர்றதுக்கு முன்னாடியே திறந்து இடம் புடிக்கப் பாக்குறாங்க. எனக்குத் தெரியாதா?”

“அவங்க திறக்கல மேடம். நாங்க திறந்தோம்.”

“நாங்கன்னா யாரு?”

சொன்னேன். நம்முடைய எண், நம்முடைய கணினி, நான் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டச்சு சத்தம் மட்டும் கேட்டது.

“ஆமா,” என்றார் மெதுவாக. “எல்லாம் ஒரே இடத்துலருந்துதான் திறந்திருக்கு. நான் இதை ஏதோ புரோக்கர் வேலைன்னு நினைச்சேன். இந்த வண்டி எல்லாத்தையும் இன்னைக்கு உள்ள விடாதீங்கன்னு கேட் ஆளுங்ககிட்டச் சொல்ல இருந்தேன்.”

சேவியர் அண்ணனின் வண்டியும் அதில் ஒன்று.

“வேற லிங்க் குடுக்க முடியுமா மேடம்?”

“குடுக்கலாம். ஆனா எதை வச்சுக் குடுக்கறது? திறந்தது டிரைவர் இல்ல, நீங்கதான்னு எழுத்துல குடுப்பீங்களா?”

தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதியிருந்தால் மேடம் என்ன செய்திருக்க முடியும்? கோளாறு என்ற சொல்லில் யார் செய்தார்கள் என்பது இல்லை. யார் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நாம் பெயரைச் சொல்லாவிட்டால் அந்த இடத்தில் டிரைவரின் பெயர் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எழுதினேன். ‘இந்த லிங்குகளை டிரைவர்கள் திறக்கவில்லை. சரிபார்ப்பதற்காக எங்கள் கணினி திறந்தது. தவறு எங்களுடையது.’ கீழே என் பெயரையும் பதவியையும் போட்டு அனுப்பினேன். அதையே, போலிச் செய்தி பற்றிய எச்சரிக்கையோடு, என் ஃபோனிலிருந்து டிரைவர்களுக்கும் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கார்த்திக்கிடம் சொன்னேன்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். “உங்க பேரை மட்டுமா போட்டீங்க?”

“ஆமா.”

“என் பேரையும் சேத்துப் போட்டிருக்கலாம்ல?” என்றார். கோபமா, வேறு ஏதாவதா என்று அன்றைக்குப் புரியவில்லை.

மேடம் திரும்ப அழைத்தார். புது லிங்க் அனுப்புகிறார்களாம். “ஆனா இதான் கடைசி. இதுவும் வீணாச்சுன்னு இன்னொரு தடவை கேக்காதீங்க.”

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சேவியர் அண்ணன் அழைத்தார்.

“மகேசு, ரெண்டு மெசேஜ் வந்து கீது. ரெண்டும் அச்சு அசலா ஒரே மாறி கீது. எத்தத் தொறக்க?”

ஒன்று அசல். மற்றொன்று காலையிலிருந்து சுற்றும் போலி. தவறானதைத் திறந்தால் ஃபோன் போகும். கூடவே புது லிங்கைத் திறக்கவும் ஃபோன் இருக்காது. சரிபார்க்கிற கணினியோ வயரில்லாமல் என் காலடியில் கிடந்தது.

“ரெண்டையும் எனக்கு அனுப்புங்கண்ணா.”

“அனுப்பவா?” என்றார். அந்த ஒற்றைக் கேள்வியில் எல்லாம் இருந்தது. காலையில் அனுப்பியதால்தான் அங்கே நிற்கிறார்.

“அனுப்புங்க. இந்தத் தடவை கணினி பாக்காது. நானே பாக்குறேன்.”

அனுப்பினார்.

அந்த லைப்ரரியில் ஒரு வசதி உண்டு. சுருக்கித் தருகிற நிறுவனத்திடம் மட்டும் ‘இது எங்கே போகச் சொல்கிறது?’ என்று கேட்டுவிட்டு, சொன்ன இடத்துக்குப் போகாமல் திரும்பிவிடச் சொல்லலாம். தெருமுனையில் விலாசம் விசாரித்துவிட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டாமல் வருவது மாதிரி. அப்படி ஒரு வசதி இருப்பது எனக்குப் படித்துத் தெரியும். பயன்படுத்திப் பார்த்ததில்லை. நான் எழுதுவதில் ஓரெழுத்து பிசகினாலும் அது பழைய பழக்கப்படி உள்ளே போய்விடும். மேடம் சொன்ன ‘கடைசி’ என் கையால் போய்விடும்.

என் லேப்டாப்பில் வேகமாக எழுதினேன். எழுதிய பிறகு ஓட்ட விரல் வரவில்லை.

“இன்னா ஆச்சு?” ஃபோனை அவர் வைக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தமும் ஜெனரேட்டரின் உறுமலும் கேட்டன.

“கொஞ்சம் இருங்கண்ணா.”

“டீசல் முள்ளு கீழ எறங்கிகினே கீது மகேசு. உள்ள கீறது எறா. அது உன் ஆபீசு டைம்லாம் பாக்காது. நாறிடும்.”

அவருடைய லிங்கை ஓட்டவில்லை. முதலில் நானே ஒரு பக்கத்தை உருவாக்கி, யாராவது உள்ளே வந்தால் தெரிகிற மாதிரி வைத்து, அதற்கு ஒரு சுருக்க லிங்க் போட்டு, அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மனிதர் காத்திருக்கும்போது, அவர் வேலையை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் செய்வது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கும் ஒரு நாள் தெரியும். முகவரி திரும்பி வந்தது. என் பக்கத்துக்குள் யாரும் வரவில்லை. நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். யாரும் வரவில்லை.

“இன்னா பண்ற நீ?”

“ஒத்திகை பாக்குறேண்ணா.”

“ஒத்திகையா? இன்னா கூத்தா நடக்குது இங்க?”

பிறகு அவருடைய முதல் லிங்கை ஓட்டினேன். வாயில் நுழையாத ஒரு முகவரி வந்தது. இரண்டாவதை ஓட்டினேன். துறைமுகத்தின் முகவரி.

“அண்ணா, ரெண்டாவதா வந்தது. மொதல்ல வந்ததைத் தொடாதீங்க. இப்போ எங்க நிக்கிறீங்க? கேட் தெரியுதா?”

“தோ, எதுக்க கீது.”

“அப்போ ரெண்டாவதைத் திறங்க.”

என் வேலை அந்தக் கணத்தில் முடிந்துவிட்டது. ஒத்திகையில் சரியாக வந்தது துறைமுகத்தின் பக்கத்திலும் சரியாக வரும் என்று எந்த நிச்சயமும் இல்லை. ஹாரன்கள் கேட்டன. யாரோ கிளீனரை வசை பாடுவது கேட்டது. நான் கழுத்து கார்டின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன். விரல் நுனி வெளுத்துவிட்டது.

“நம்பரு வந்துட்ச்சு,” என்றார் சேவியர் அண்ணன்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம்வரை வந்த லிங்குகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே பார்த்துச் சொன்னேன். கார்த்திக் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாதியை வாங்கிக்கொண்டார். ஒடிந்த வயரைப் பார்த்தார், எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் பயந்ததுபோலச் சிலர் நம்மை விட்டுப் போனதும் உண்மை. மேடம் தன் மற்றப் பிரிவுகளுக்கும் நம் எண்ணைச் சொன்னதும் உண்மை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் புது லிங்க் வந்தும் நேரம் போதாமல் கப்பலைத் தவறவிட்டவர்களும் இருந்தார்கள். மணலி புதுநகர்க்காரர் ஒருவரை முதலாளி வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் தெருவுக்கும் அந்த லாரி வரும். நான் குடத்தோடு நின்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் லிங்க் வந்த நேரத்தைப் பிறகு பார்த்தேன். எனக்குக் காரணம் புரிந்ததற்குப் பிறகு, வயரைப் பிடுங்குவதற்கு முன்பு. அனுமதி கேட்டு நான் கார்த்திக்கோடு பேசிக்கொண்டிருந்த நேரம்.

சேவியர் அண்ணன் சில நாள் கழித்து டீக்கடையில் பிடித்தார்.

“இன்னா மகேசு, இப்போ தொறக்காமலே பாக்குறியாமே?”

“ஆமாண்ணா. திறந்து பாக்கறதுக்குப் படிப்பு வேணாம்னு சொன்னீங்கல்ல. சரிதான். திறக்காம பாக்கறதுக்குத்தான் வேணும்.”

“அத்த அன்னிக்கே சொல்ல வேண்டிதுதானே?”

“அன்னிக்கு எனக்குத் தெரியாதுண்ணா.”

அவர் என் கார்டை ஒருமுறை பார்த்தார். இன்னொரு கிளாஸ் டீ சொன்னார். ஸ்டிக்கர் இன்னும் மாதா படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. லிங்க் வந்தால் அனுப்புகிறார். அனுப்பிவிட்டு ஃபோனும் செய்கிறார். “நீ பாத்தியா, அது பாத்துச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். இனி உங்களைக் கேட்பார். எரிச்சல் படாமல் பதில் சொல்லுங்கள்.

பார்ப்பதும் ஒரு செயல்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்தவருக்கு வந்ததை நாம் பார்க்கும்போது, அவருடையதில் ஏதோ ஒன்று மாறிவிடக்கூடும். நம் கணினி இப்போது விலாசம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஆனால் துறைமுகம் நாளைக்கே வேறு ஏதாவது புதிதாக ஆரம்பிக்கும். அப்போதும் நம்மிடம் சொல்ல மாட்டார்கள். அப்போதும் திரை பச்சையாகத்தான் இருக்கும்.

அந்த நாளை நினைத்தால் எனக்கு வயரைப் பிடுங்கியது நினைவுக்கு வருவதில்லை. அதற்கு முன்னால் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அனுமதிக்காக நின்றதுதான் வருகிறது. இப்போது வயரைத் தேடிக் குனிய வேண்டியதில்லை. திரையின் மேல் மூலையில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. முதலில் அது கார்த்திக்குக்கு மட்டும் வேலை செய்தது. பிறகு அவருக்கும் எனக்கும். இன்று காலை, நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே, உங்கள் இருவர் பெயரையும் அதில் சேர்த்துவிட்டேன். கார்த்திக்கைக் கேட்கவில்லை. சேர்த்த பிறகு சொன்னேன்.